சம்பல் காணாமல் போன வாரம்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

சம்பலைக் காணவில்லை. காலையில் நான் பசியாறும்போது காலடியில்தான் படுத்திருந்தாள். பத்து மணிக்குக் கூப்பிட்டால் கிண்ணம் இருக்கிறது, ஆள் இல்லை.

சம்பல் எங்கள் பூனை. ஏழு மாதம்தான் ஆகிறது. உடம்பு முழுக்க நாங்கள் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சம்பலின் செம்மஞ்சள் நிறம், வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். எங்கள் மளிகைக் கடை பினாங்கு லெபோ பாசாரில் இருக்கிறது, வீடு கடைக்கு மேலே. போன ஆகஸ்டில் நல்ல மழை பெய்த ஒருநாள், கடை வாசல் அஞ்சடியில், அதாவது கூரை போட்ட நடைபாதையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தவன் பக்கத்து வீட்டுப் பையன், நாங்கள் பென்சில் என்று கூப்பிடுபவன். தூக்கி வந்து துடைத்தவள் நான். அதனால் அவள் இரண்டு பேருக்கும் சொந்தம். ராத்திரி மட்டும் எங்கள் வீட்டில் தூங்குவாள்.

பள்ளி விடுமுறை என்பதால் பென்சிலும் நானும் உடனே துப்புத் துலக்க உட்கார்ந்தோம். காலையில் கடைக்கு வந்தவர்களை எழுதினோம்: அரிசி லோரி அண்ணன், ரொட்டி பாய், சக்கரக் கூடையில் கருவாடு கொண்டு வரும் சீனப் பாட்டி ஆ மா, கடிதம் போடுபவர், ஊதுபத்தி வாங்கிய இரண்டு பேர்.

முக்கில் பூக்கட்டும் பாட்டியையும் கேட்டோம். தைப்பூசம் நெருங்கினால் எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் முருகன் பாட்டுதான். காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "உம் பூனதானே? கேட்டுல ஏறிப் போச்சே!"

அதற்குள் அவருடைய மகன் பையோடு வந்துவிட்டார். பட்டர்வொர்த்தில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். ஃபெரி பிடிக்க அவசரமாகப் போய்விட்டார்கள். சனிக்கிழமைதான் திரும்புவாராம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கேட் தேடினோம். கோயில், பள்ளிவாசல், பழைய பங்களா என்று சுற்றி அலைந்து மொத்தம் பதினொரு கேட் கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று "சம்பல்! சம்பல்!" என்று கூப்பிட்டோம். ஓர் அலுவலகத்துக் காவலாளி, "சாப்பாட்டுக் கடை அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்.

அப்புறம் பென்சில் காகிதத்தில் எழுதித் தூண்களில் ஒட்டினான். "காணவில்லை. பெயர் சம்பல். நிறம் சம்பல். வால் வளைந்திருக்கும். கொண்டு வருபவருக்குப் பத்து வெள்ளி." கீழே அப்பாவின் எண். மாலைக்குள் மூன்று பேர் சம்பல் ஒரு போத்தல் என்ன விலை என்று கேட்டார்கள். நான்கு பேர் பூனையே கொண்டு வந்தார்கள். நான்குக்கும் வால் வளைந்திருந்தது! ஒன்று கறுப்பு. கொண்டு வந்த அங்கிள், "வாலைப் பாரம்மா, வாலைப் பாரு" என்று விடாமல் சொன்னார்.

ஊசி போட்டபோது டாக்டர் இதைச் சொல்லியிருந்தார். நம் பக்கத்துப் பூனைகளில் நிறையவற்றுக்கு வால் பிறவியிலேயே இப்படித்தான் இருக்குமாம். ஆனால் சம்பல் நிறப் பூனைகளில் ஐந்தில் நான்கு ஆணாக இருக்கும், உங்களுடையது பெண், விசேஷமானவள் என்றும் சொன்னார். அதைக் காகிதத்தில் எழுத மறந்துவிட்டோம்.

பிப்ரவரி 5, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பென்சில் இந்த வருஷம் பால்குடம் எடுக்கிறான். போன வருஷம் அவன் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது அவனே வேண்டிக்கொண்டது. மூன்று வாரமாக விரதம். அவர்கள் வீட்டில் மீன் வாசனையே கூடாது. இன்று அஞ்சடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கைக்குட்டையை இழுத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு நெத்திலி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு பிடி.

"இது ஏதுடா?" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. கடைக்குள் அவன் அம்மா வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "சொல்ல மாட்டேன்" என்றான்.

சம்பலுக்கு நெத்திலி என்றால் உயிர். நெத்திலி காட்டினால் யார் பின்னாலும் போவாள். அந்தக் கோபத்தில், "நீதான் அவளைத் தூக்கி எங்கேயோ வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

இப்போது நடுராத்திரி. கடல் பக்கம் ஒரே வெடிச் சத்தம். நாளை சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள். இன்று ராத்திரியே ஹொக்கியன் சீனர்கள் தீ கோங் சாமிக்குப் படைப்பார்கள். சூ ஜெட்டியில் கரும்பு கட்டி, நீளமாக மேசை போட்டு அடுக்கியிருப்பார்கள். போன வருஷம் அப்பா என்னையும் பென்சிலையும் கூட்டிப் போனார். சம்பலுக்கு வெடி என்றால் பயம். சத்தம் கேட்டால் என் போர்வைக்குள் வந்துவிடுவாள். இப்போது யாருடைய போர்வைக்குள் போவாள்?

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று எழுதவில்லை.

இன்று மத்தியானம் பென்சிலின் அம்மா கண் கலங்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"அக்கா, புள்ளைக்கு விரதம் தாங்கல போலருக்கு. துவைக்க எடுத்தா சட்டைப் பையெல்லாம் நெத்திலி. ராத்திரி சாப்பிட்டதும் சந்துல போய் நின்னுக்கிட்டு 'சம்பல், சம்பல்'னு கூப்பிடுறான். நாலு நாளா இப்படித்தான். நெத்திலி சம்பல் திங்க அவ்வளவு ஆசையா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. தான் வாயில் வைக்க முடியாத நெத்திலியைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல், தினமும் ராத்திரி சந்து சந்தாக அவளைத் தேடியிருக்கிறான். அவனைப் போய் நான்...

பிப்ரவரி 8, சனி

காலையில் முதல் வேலையாக அவன் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சுக்கோடா" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவன் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "கேட் விஷயம் யோசிச்சியா?" என்றான். அதுதான் பென்சில்.

அவன் இரண்டு நாளாக யோசித்திருக்கிறான். "நாம பதினொரு கேட் கண்டுபிடிச்சோம். ஒண்ணாவது பாட்டி உட்கார்ற இடத்துலருந்து தெரியுமா? நம்ம தெருவுல எல்லாம் கடை வீடு. அஞ்சடி இருக்கு, இரும்புக் கதவு இருக்கு. கேட் ஏது?"

நான் பாட்டி உட்காரும் முக்குக்கு ஓடினேன். பாட்டி வந்திருந்தார். அவருடைய முக்காலியில் உட்கார்ந்து அவர் பார்க்கும் பக்கம் பார்த்தேன். நேர் எதிரே பேருந்து நிறுத்தம். அந்த நேரம் பார்த்து, ஊருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து வந்து நின்றது. அதன் பெயர்தான் கேட்! ஆங்கிலத்தில் பூனை என்றாலும் அதே சொல்தான்.

"அதைத்தானே சொன்னேன்" என்றார் பாட்டி. "கருவாட்டு ஆ மா இழுத்துட்டுப் போற கூடையில வால் தெரிஞ்சுது. நீங்கதான் குடுத்து விட்டீங்கன்னு நெனச்சேன்."

எங்கள் பட்டியலில் மூன்றாவது ஆள்! கையில் தூக்கும் கூடையாக இருந்தால் கனம் தெரிந்திருக்கும். சக்கரக் கூடையில் எப்படித் தெரியும்?

பிப்ரவரி 9, ஞாயிறு

கிடைத்துவிட்டாள்! கிடைத்துவிட்டாள்! கிடைத்துவிட்டாள்!

ஆ மா எங்கே இருக்கிறார் என்று அப்பாவுக்குத் தெரியும்: சூ ஜெட்டி. நான், பென்சில், அப்பா மூன்று பேரும் அதே கேட்டில் ஏறிப் போனோம். சூ ஜெட்டி கடலுக்கு மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள். பலகை நடைபாதையின் இரண்டு பக்கமும் சூ குடும்பப் பெயர்க்காரர்கள் பரம்பரையாக இருக்கிறார்கள். தீ கோங் படையலுக்குக் கட்டிய கரும்பு இன்னும் சில வாசல்களில் இருந்தது. வழியெல்லாம் மீன் வாசனை. பூனைக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நினைத்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

"சம்பல்! சம்பல்!" என்று இரண்டு பேரும் கூப்பிட்டோம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்து பென்சில் கையில் ஒரு கிண்ணம் பெலாச்சான் (இறால் விழுது) போட்ட சம்பலைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விரதக்காரன், பெலாச்சானைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சிலை மாதிரி நின்றான். அப்பா வாங்கிக்கொண்டார்.

பென்சில் பலகையில் நெத்திலி போட்டான். சம்பல் நிறத்தில், வளைந்த வாலோடு இரண்டு பூனைகள் ஓடி வந்தன! இரண்டின் கழுத்திலும் சிவப்பு நூல். ஆ மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பெரியது அவருடையது, ஆண். சின்னது திங்கட்கிழமை கூடையைத் திறந்தபோது கருவாட்டுக் காகிதத்தின் மேல் தூங்கிக்கொண்டிருந்ததாம். அன்று எட்டுக் கடைக்குப் போயிருக்கிறார், எந்தக் கடைப் பூனை என்று தெரியவில்லை. நாளைக்குக் கொண்டு வந்து ஒவ்வொரு கடையாகக் கேட்கலாம் என்றிருந்தாராம். வெடிச் சத்தத்துக்கு எங்கே போனாள் என்று அப்பாவை மலாயில் கேட்கச் சொன்னேன். ஆ மா தன் மடியைத் தொட்டுக் காட்டினார்.

சின்னதைத் தூக்கிப் பார்த்தேன். பெண். என் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். உடம்பெல்லாம் கருவாட்டு வாசனை. பென்சில் பேசவில்லை, திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியது.

பிப்ரவரி 10, திங்கள்

ரதம் வந்தது! கோவில் வீட்டிலிருந்து புறப்பட்ட வெள்ளி ரதம். 1894-இல் நகரத்தார் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தது என்று தாத்தா ஒவ்வொரு வருஷமும் சொல்வார், இன்றும் சொன்னார். தெருவெல்லாம் தேங்காய். ஆ மாவும் வந்தார், வேண்டுதலாம். சக்கரக் கூடையில் கருவாடு இல்லை, முழுக்கத் தேங்காய். அவரும் பென்சிலும் ஆளுக்கொன்றாக எடுத்து உடைத்தார்கள். கூடை காலியானதும் ஆ மா மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டினார், உள்ளே யாரும் இல்லை என்று. சம்பலை மாடியில் பூட்டி வைத்திருந்தோம்.

பிப்ரவரி 15, சனி

பென்சில் பால்குடம் எடுத்துவிட்டான். தண்ணீர்மலை முருகன் கோயில் படியெல்லாம் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறினான். இடும்பன் பூசையும் முடிந்தது. நாளை மறுநாள் பள்ளி திறக்கிறது, நாங்கள் ஆறாம் ஆண்டு.

இன்று மத்தியானம் அவன் அம்மா ஒரு பெரிய சட்டி நெத்திலி சம்பல் கிண்டினார். அவன் பாவம், அவ்வளவு ஏங்கினானே என்று இன்னும் நம்புகிறார். நாங்களும் திருத்தவில்லை. அடுப்படியிலிருந்து "சம்பல் ரெடி, வா!" என்று அவர் குரல் கொடுத்ததும் பென்சில் எழுந்து ஓடினான். அவனுக்கு முன்னால், வளைந்த வாலைத் தூக்கிக்கொண்டு, சம்பல் ஓடினாள்.