சாவிப்பெட்டிக்குள் ஓடும் கடிகாரம்

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். அம்மா கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருக்கிறார். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றத் தாதி வரும் நாள்களில் முட்டி வலியோடு எழுந்து வந்து கிரில் கதவைத் திறப்பது அவருக்குப் பெரும் சிரமம் என்பதால், கதவருகே வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டும் மின்னணுச் சாவிப்பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அது எப்படி இயங்குகிறது என்று உறவினர்கள் பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்தபடியே கைப்பேசியில் பொத்தானை அழுத்தி அதைத் திறக்க முடியும். வைஃபை மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் என்பதால் பெட்டியில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் மட்டுமே இருக்கிறது. வீட்டுக்குள் மின்செருகியில் மாட்டியிருக்கும் கேட்வே என்ற சிறு கருவிதான் இணையத்தில் வரும் கட்டளையைப் புளூடூத்தாக மாற்றி அதற்குக் கொடுக்கிறது. வீட்டில் இணையம் நின்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

நான் பெரிதும் நம்புவது இணையமே தேவைப்படாத இன்னொரு வழியை. பெட்டியைப் பதிவு செய்யும்போது அதற்கும் நிறுவனத்தின் சர்வருக்கும் பொதுவான ஓர் இரகசிய எண், அதாவது திறவுகோல், பதிவாகிறது. பிறகு இரண்டும் தனித்தனியே அந்தத் திறவுகோலையும் நேரத்தையும் ஒரே கணக்கில் போட்டு ஒரே எண்ணைப் பெறுகின்றன. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை செல்லும் எண்ணைச் செயலி எனக்குத் தர, நான் அதைத் தாதிக்கு அனுப்புகிறேன். அவர் விசைப்பலகையில் அழுத்தும்போது பெட்டி யாரிடமும் கேட்காமல் தானே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்கிறது. 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான, நேரத்தை வைத்து ஒருமுறை எண்களை உருவாக்கும் டிஓடிபி முறையின் அடிப்படையும் இதுவே. சாவிப்பெட்டி நிறுவனங்கள் தத்தமக்கென ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றன.

ஆகவே உள்ளே இருக்கும் கடிகாரம் பிசகினால் எல்லாம் பிசகும். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்சு படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலும் ஓராண்டில் பத்து நிமிடத்துக்கு மேல் தவறிவிடும். பிற்பகல் வெயில் நேராக விழும் சுவரில் படிகம் இன்னும் மெதுவாகும். ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியருகே நின்று செயலியைத் திறந்து நேரத்தைச் சரிசெய்துவிடுகிறேன்.

இதில் வாங்குபவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இணையம் இல்லாமலே செல்லுபடியாகும் எண்ணை இணையத்தில் ரத்து செய்தால் அந்தச் செய்தி பெட்டியைத் தானாகச் சென்றடையாது. கேட்வே வழியாகவோ அருகில் நிற்கும் கைப்பேசி வழியாகவோ அது போய்ச் சேரும்வரை பழைய எண் திறந்துகொண்டேதான் இருக்கும். எனவே ஒரு மாதத்துக்குச் செல்லும் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை.

எண் சரியானால் சிறு மோட்டார் ஒன்று குமிழைத் தாழ்ப்பாளோடு இணைக்கும். தாழை இழுப்பது நம் கையின் வலிமைதான். மலிவான பெட்டிகளில் மோட்டாருக்குப் பதிலாக, மின்காந்தத்தால் உலோகத் தண்டை நகர்த்தும் சொலினாய்டு இருக்கும்; அவற்றில் சிலவற்றை வலுவான காந்தத்தாலோ ஓங்கித் தட்டியோ திறந்துவிடலாம் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மின்கலம் தீர்ந்தால் வெளியிலிருந்து 9 வோல்ட் மின்கலத்தை வைத்து உயிரூட்டும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அது மின்சாரம் மட்டுமே தரும், எண்ணை அழுத்தியாக வேண்டும்.

அடுக்குமாடியில் நடைவழிச் சுவர் பொதுச் சொத்து. அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் அதைப் பராமரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதால், துளையிடும் முன் எழுத்து மூலம் அனுமதி கேட்டோம்.

எந்த எண் எத்தனை மணிக்குப் பெட்டியைத் திறந்தது என்ற பதிவைச் செயலியில் பார்க்க முடிகிறது. சாவி திரும்ப உள்ளே வந்ததா என்பதை எங்கள் பெட்டி அறியாது. தாதி புறப்படும்போது சாவியை வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.