கொல்லையில் நிற்கும் மொட்டைத் தென்னை

ஜூன் 9, திங்கள்

கொல்லைத் தென்னையை இந்த மாதத்துக்குள் இறக்கியே ஆகவேண்டும் என்று அம்மா இன்றைக்கும் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். ஐப்பசியில் குரும்பை கொட்டியது, அப்புறம் அடிமட்டைகள் மஞ்சளாகித் தண்டோடு ஒட்டித் தொங்கின, மாசியில் ஒரு ராத்திரி கொண்டை மொத்தமும் குருத்தோடு கீழே விழுந்து மாட்டுக்கொட்டகை ஓட்டைப் பதம் பார்த்தது. இப்போது ஐம்பதடிக்கு வெறும் கம்பம். ஒரு பக்கம் பத்தடியில் சமையலறை, இன்னொரு பக்கம் வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயர். ஆடிக் காற்று தொடங்கினால் அது எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்தபோது எங்கள் தோப்பில் பாதி படுத்துவிட்டது, பட்டுக்கோட்டைப் பக்கம் எல்லோருக்கும் அதே கதைதான். இந்த மரம் நின்றது. அதனாலேயே இதன் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.

மரமேறும் அண்ணனுக்குப் போன் போட்டாயிற்று. மேலே ஏறி, நாலடி நாலடியாக அறுத்துக் கயிற்றில் இறக்குவதாகப் பேச்சு.

ஜூன் 11, புதன்

வந்தார், பார்த்தார், ஏறமாட்டேன் என்றுவிட்டார்.

தளைக்கயிறு, அரிவாள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். சைக்கிளிலிருந்து எதையும் இறக்கவே இல்லை. மரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், அடியைக் காலால் சீய்த்தார், போய்விட்டார். கூலி ஏற்றத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன், அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். "ஏறுறவன் அவன், நீ இல்லையே" என்றார் அம்மா.

அவர் போன பிறகு நானே அரிவாளின் முதுகால் தட்டிப் பார்த்தேன். ணங் ணங் என்று கெட்டியாகத்தான் சத்தம். இதற்கா இவ்வளவு பயம்?

ஜூன் 13, வெள்ளி

தென்னை ஏறும் மெஷின் வைத்திருக்கும் ஒரு தம்பியைக் கேட்டேன். காலை மாற்றி மாற்றி மிதித்து ஏறுவார்களே, அது. நேரில் வரக்கூட இல்லை, "செத்து எத்தனை மாசம்ணே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "மெஷின் மரத்தைத்தாண்ணே கவ்விப் பிடிக்கும், மரத்தை யாரு பிடிக்கிறது?" என்று போனை வைத்துவிட்டார்.

கிரேன் யோசனையும் வந்தது. எங்கள் சந்தில் டாடா ஏஸ் நுழைவதே பெரிய விஷயம்.

ஜூன் 15, ஞாயிறு

மனசு கேட்காமல் மறுபடி அண்ணன் வீட்டுக்கே போனேன். வேறு ஆள் யாரும் கிடைக்காததும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, "வா தம்பி, காட்டுறேன்" என்று கூடவே வந்தார்.

நான் தட்டியது கிழக்குப் பக்கம். அவர் ஒரு ஜாண் விட்டு ஒரு ஜாண், அடியிலிருந்து நெஞ்சு உயரம் வரை, சுற்றிலும் தட்டினார். கிழக்கே ணங். தெற்கே வரும்போது சத்தம் மந்தமானது. மேற்கே, பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில், அடிப்பக்கம் தொம் தொம் என்று காலி டின்னைத் தட்டுகிற மாதிரி. என்னிடமிருந்த நீள ஸ்க்ரூடிரைவரை வாங்கி அங்கே குத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது ஈரமான காப்பித்தூள் போல ஒட்டிக்கொண்டு வந்தது.

அதற்கும் கீழே, நான் வருஷக்கணக்காக அழுக்கு என்று நினைத்திருந்த செம்பழுப்புக் கறை. மரத்திலிருந்து வடிந்த சாறு காய்ந்தது அது. மண்ணை ஒட்டி உள்ளங்கை அளவில் பளபளவென்று ஒரு காளான், மேலே அரக்கு பூசியது போல. தஞ்சாவூர் வாடல் நோய் என்பது இதுதான், கானோடெர்மா என்ற பூஞ்சை, 1952 புயலுக்குப் பிறகு எங்கள் ஜில்லாவில் கண்டதால் ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. வேரில் தொடங்கி அடித்தண்டைத் தின்னும். கொண்டையில் தெரிவதெல்லாம் ரொம்பத் தாமதமாகத்தான்.

"பச்ச மரம்னா ஆள் ஏறுனா வளைஞ்சு குடுக்கும் தம்பி. இது ஒடியும். மேல ஒரு துண்டை அறுத்துத் தள்ளுனா மரம் பின்னால உதறும், அந்த உதறல் நேரா அடிக்குத்தான் போகும். நான் என்னை எதுல கட்டிக்கிறது? அதே மரத்துலதான்."

தென்னைக்கு வேம்பு மாதிரி உள்ளே வைரம் கிடையாது, கெட்டியெல்லாம் வெளிவட்டத்தில்தான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு பக்கம் மட்டும் தட்டிவிட்டு அவரைப் பழி சொல்லியிருக்கிறேன். சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 18, புதன்

திட்டம் இதுதான். மொட்டை மரத்தில் யாரும் ஏறப்போவதில்லை. பன்னிரண்டடி தள்ளி நிற்கும் பச்சைத் தென்னையில் ஏறி, நீள மூங்கிலின் நுனியில் சுருக்குக் கயிற்றை மாட்டி, அதைச் செத்த மரத்தின் தலையில் போடுவது. கொண்டை இல்லாததும் ஒரு வசதி என்று இப்போதுதான் தோன்றுகிறது. கயிறு நூற்றியிருபது அடி, இழுக்கிறவர்கள் தலையில் மரம் விழக்கூடாது என்றால் மரத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். லைன்மேனிடம் சொல்லியாயிற்று, ஒரு மணிநேரம் சர்வீஸ் ஒயரைக் கழற்றித் தருகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

சுருக்கு நாலாவது தடவைதான் விழுந்தது. மூன்று தடவையும் மூங்கில் நுனி ஆடி ஆடி விலகிப்போய், கீழே எங்களுக்குக் கழுத்து வலி. விழுந்ததும் அண்ணன் உடனே இழுக்க விடவில்லை, கயிற்றை உதறி உதறி ஐந்தடி கீழே இறங்கவிட்டுத்தான் இறுக்கச் சொன்னார், தலைப்பக்கம் மக்கியிருந்தால் சுருக்கு அதை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம்.

அறுத்தது அடியில் இல்லை. ணங் என்று சுற்றிலும் சத்தம் வந்த நெஞ்சு உயரத்தில், மரம் விழவேண்டிய வடக்குப் பக்கம் வாய் மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்து, அப்புறம் பின்பக்கம். ஆறு பேர் கயிற்றில். "இழு" என்றதும் மரம் ஒரு விநாடி சும்மா நின்றது, பிறகு சாய ஆரம்பித்தது, பாதி வழியிலேயே, தரையைத் தொடுமுன், நடுவில் படாரென்று இரண்டாக முறிந்தது. அறுத்த இடத்துக்குப் பதினைந்தடி மேலே. போய்ப் பார்த்தால் அங்கே கூன்வண்டு குடைந்த ஓட்டைகள், உள்ளே வெறும் நார். தரையிலிருந்து எவ்வளவு தட்டினாலும் அது தெரிந்திருக்காது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அண்ணன் அடிக்கட்டையிடம் போய் மேற்குப் பக்கத்து மக்கலைக் கையாலேயே பிய்த்தார், முழங்கை வரை உள்ளே போனது. "ஆறாயிரம் தேங்காய்க்கு ஏறியிருப்பேன் இதுல" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 24, செவ்வாய்

வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு வந்தேன். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எரிக்கணும். பக்கத்துப் பச்சை மரத்துக்கு நோய் போகாமலிருக்க நடுவில் இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் பள்ளம், மரத்துக்கு வருஷம் ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பாத்திரம் கழுவும் தண்ணீரை முதலில் வேறு பக்கம் திருப்பவேண்டும், அதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு.

துண்டுகளைப் பிளந்தால் உள்ளே கட்டைவிரல் தடிமனில் காண்டாமிருக வண்டுப் புழுக்கள். விட்டிருந்தால் எல்லாம் வண்டாகித் தோப்புக்குப் பறந்திருக்கும். கோழிகள் இரண்டு நாளாக அந்த இடத்தை விட்டு நகரவில்லை, ராத்திரி கூண்டில் அடைக்கத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.