சிகரெட்டை விட்ட அங்கிள்

மருந்துப் பாதுகாப்பு ஆய்வில் ஒருங்கிணைப்பாளர் என்றால் வீட்டில் பெருமைதான். உண்மையில் பாதி நாள் ஃபார்ம் நிரப்புவதிலேயே போய்விடும். வலிப்பு மருந்து, மனநோய் மருந்து இரண்டையும் எங்கள் குழு பார்க்கிறது. தமிழ் பேசும் நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

வலிப்புப் பக்கம் ஒரு விஷயத்தில் நிம்மதி. கார்பமசெபின் மாத்திரை சிலருக்குத் தோலையே உரித்துவிடும், உயிரே போகலாம். 2004-ல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 சீன நோயாளிகளைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. சிங்கப்பூரில் 2013-லிருந்து, ஆசிய நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனை உண்டு. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அந்த மரபணு அதிகம். நம்மவர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இருக்கிறதா, வேறு மருந்து. சரி, முடிந்தது.

குளோசபின் அப்படி ஒரே சோதனையில் முடிகிற சமாச்சாரம் இல்லை. மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்கு இதைத்தான் கொடுப்பார்கள். 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் ரத்த வெள்ளையணுக்கள் சரிந்து இறந்தார்கள். அதனால்தான் இன்றும் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்கிறோம். எல்லார் கண்ணும் அந்த எண்ணிக்கை மேலேயே இருக்கும். என் கண்ணும்தான்.

அந்த அங்கிளுக்கு அறுபது வயதிருக்கும். பல வருடமாகக் குளோசபின், வெள்ளையணுக்கள் அருமை. போன மாதமும் 'பக்க விளைவு' கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இந்த முறை மனைவியும் கூட வந்தார். அங்கிளின் சட்டைப் பையோரம் ஈரம் காயாத டீக்கறை.

"காப்பிக்கடையில கை வெடுக்குனு உதறி, டீயைக் கொட்டிக்கிட்டார்மா. பகல்லயும் தூக்கம், தலையணை முழுக்க எச்சில்" என்றார் ஆன்ட்டி.

முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க பக்க விளைவுதானே கேட்டீங்க? டீ கொட்டுறதெல்லாமா எழுதுவீங்க?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரத்தத்தில் குளோசபின் ஏறினால் கை இப்படி உதறும்; அடுத்து வலிப்பே வரலாம். ஆனால் மாத்திரை மாறவில்லையே? அப்புறம் ஆன்ட்டியே பெருமையாகச் சொன்னார்: பேரன் பிறந்ததிலிருந்து அவர் சிகரெட்டைத் தொடுவதில்லை, ஆறு வாரமாகிறது.

சிகரெட் புகை கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். அது குளோசபினை வேகமாகச் சிதைத்துவிடும். காரணம் நிகோடின் இல்லை, புகை. அதனால் நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டாலும் இதில் வித்தியாசம் இருக்காது. நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவர் நிறுத்தினால், அதே மாத்திரையில் ரத்த அளவு ஒன்றரை மடங்கு ஆகிவிடலாம். எனக்குத் தெரியாததா? படித்ததுதான். எங்கள் ஃபார்ம் 'புகைப்பவரா' என்று முதல் நாள் மட்டும் கேட்கும். நானும் முதல் நாள் மட்டும் கேட்டேன்.

டாக்டர் அன்றே மருந்தளவைச் சோதிக்க ரத்தம் அனுப்பி, மாத்திரையையும் குறைத்தார். இரண்டு வாரத்தில் உதறல் நின்றது.

"சிகரெட்டை விட்டது தப்பாப் போச்சாமா?" என்று கேட்டார் அங்கிள்.

"ஐயோ, இல்ல அங்கிள். எங்ககிட்ட சொல்லாம விட்டதுதான்..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டேன். கேட்காதது நான்.

ஃபார்மில் அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்து எட்டு மாதமாகிறது. இன்னும் வரவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்: 'புகை? டீ?'