மலைச்சரிவில் இரண்டு பேருக்கு ஒரு பெஞ்சு

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பையனும் பெண்ணும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச இடம் தேடினால் பேக்கரி, பஸ் ஸ்டாண்டு, தேயிலைத் தோட்டத்துப் பாதை, இவ்வளவுதான். பேக்கரியில் டீயும் வர்க்கியும் தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். தோட்டத்துப் பாதையில் யாருமே இல்லை, சிக்கலே அதுதான். காட்டெருமை வந்தாலும் ஆள் வந்தாலும், கத்தினால் கேட்க நாதியில்லை. சிம்ஸ் பூங்கா 1874-லிருந்து இருக்கிறது, ஆனால் தினமும் டிக்கெட் எடுத்து யார் போவது?

சாலையோரத்தில் பத்து சென்ட் இடம் கிடைத்து உட்காரும் இடம் அமைப்பவர்கள், காதலர்களை ஒளித்துவைக்க நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. மறைவான மூலையில் முதலில் வந்து சேர்வது மதுபாட்டில்தான்.

பெஞ்சுக்குப் பெஞ்சு நான்கு மீட்டர் விடுங்கள். அந்நியர்கள் 3.6 மீட்டருக்கு அப்பால் இருந்தால் 'பொதுத் தூரம்' என்று எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் வகுத்தார். தணிந்த குரலில் பேசுவது அடுத்த பெஞ்சுக்குத் தெளிவாகப் போய்ச்சேராத தூரமும் ஏறத்தாழ அதுதான். நடுவில் செடிவேலி 90 செ.மீ. போதும். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 115 செ.மீ. அளவில் இருக்கும், அதனால் தலை தெரியும், கோத்த கை தெரியாது. வேகமாக வளரும் செடியை வைத்தால் ஒரே மழைக்காலத்தில் ஆளுயரம் ஏறி, ஒளிவிடமாகிவிடும்.

சமவெளியில் வரைந்த வரைபடம் இங்கே சொதப்புவது, சரிவில் நமக்கு மேலே போகும் ரோட்டால். கம்பியில் சாய்ந்து நிற்பவருக்குக் கீழே இருப்பதெல்லாம் தெரியும், இப்போது கையில் போனும் இருக்கிறது. மூன்று மீட்டர் தடுப்புச்சுவர் என்றால், அதன் மேல்விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் செடி வைத்து ஆளைப் பின்னுக்கு நிறுத்துங்கள். அங்கிருந்து பார்ப்பவரின் பார்வை, சுவரடியிலிருந்து சுமார் 1.2 மீட்டர் வரை உட்கார்ந்திருப்பவர் தலையில் படாது. பெஞ்சை அதற்குள் போடலாம், சுவர் காற்றையும் தடுக்கும். ஆனால் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நீர்க்கசிவுத் துளைகளிலிருந்து மழைக்காலம் முழுக்க முதுகில் சொட்டும். 60 செ.மீ. இடைவெளியும் அதில் ஒரு சிறு வாய்க்காலும் வேண்டும். முன்பக்கம், கீழ்ப்பாதையிலிருந்து நன்றாகத் தெரியட்டும்.

நடுவில் கைப்பிடி போட்டுப் பிரிப்பது ஒரு வழக்கம். அதனால் காதல் நின்றதாகத் தெரியவில்லை, பிள்ளையை மடியில் கிடத்த முடியாமல் அம்மாக்கள்தான் அவதிப்படுகிறார்கள். 1.2 மீட்டர் பெஞ்சுகள் இரண்டை 120 பாகைக் கோணத்தில் போடுவது நல்லது. போனில் பழகி முதல்முறை நேரில் சந்திப்பவர்கள் தோள் ஒட்டி உட்கார விரும்புவதில்லை, நேருக்குநேர் முறைத்துக்கொண்டும் இருக்க முடியாது. பிரிவதாகச் சொல்ல வருபவர்களுக்கும் அந்தக் கோணம் உதவும். அழுதுகொண்டே எழுந்து போகிறவர் மற்றவர்களைக் கடக்காமல் போக இரண்டாவது வழி ஒன்றும் கட்டாயம். முட்டுச்சந்தான இடத்தில்தான் வம்பிழுப்பவர்கள் வழிமறிக்கிறார்கள்.

கருங்கல் பலகை மார்கழியில் பனிக்கட்டிபோல் இருக்கும், வெயில் ஏறும்வரை ஈரம் காயாது. மரச்சட்டங்களை ஒரு செ.மீ. இடைவெளி விட்டு அடித்து, லேசாகப் பின்சரிவு கொடுங்கள். கூரை போட்டால் அதன் மூடிய பக்கம், மழை வரும் திசையைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். கூடலூருக்குத் தென்மேற்கு மழை, கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது.

உயரக் கம்பத்து வெள்ளை விளக்கு, மூடுபனியில் பால்சுவர் மாதிரி நிற்கும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஒரு மீட்டர் உயரத்தில், 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு பாதையில் விழட்டும், பெஞ்சுக்கு அதன் ஓரம் போதும். கேமரா நுழைவாயிலில் இருக்கலாம், பெஞ்சைப் பார்த்து வேண்டாம்.

வயதுவந்த இருவர் பொது இடத்தில் சேர்ந்து உட்கார்வது குற்றமில்லை. இரண்டு பெண்கள் கைகோத்து உட்கார்ந்தால் நம் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

அங்கிருந்து பஸ் நிறுத்தம் கண்ணில் படவேண்டும், கழிவறை நடக்கும் தூரத்தில் வேண்டும். விளக்கு ஏழு மணிக்கே அணையும்படி டைமரை வைத்துவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியனிடம், கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு அரைமணி நேரம் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.