தண்ணீர் எழுதித் தந்த டாக்டர்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று அச்சடித்த தாள். எந்த மாத்திரை எந்த நேரம், எவ்வளவு கனம் தூக்கலாம், எப்போது திரும்ப வந்து காட்ட வேண்டும் என்று வரிசையாக இருந்தது. நடுவில் ஒரு வரி: வெளிக்குப் போன ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கழுவவும், சோப்பு வேண்டாம், காகிதத்தால் துடைக்க வேண்டாம். ஜெர்மனில் அதற்கு ‘அவுஸ்டூஷன்’ என்று ஒரே சொல்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா, மருந்து தரட்டுமா என்று நர்ஸ் பதறினார். இல்லை என்று தலையாட்டினேன். 2015-ல் ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரில் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் மறைத்து மறைத்துச் செய்துவந்த ஒன்றை, இந்த நாட்டு டாக்டரே மருந்துச் சீட்டு மாதிரி எழுதித் தந்திருக்கிறார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஊரை விட்டு வந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்ற எதற்கும் மனசு பழகிவிடும். குளிர் பழகும், ரொட்டி பழகும், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிக் கிடப்பதும் பழகும். தண்ணீர் இல்லாமல் காகிதத்தால் துடைப்பது மட்டும் பழகாது. படிக்க வந்தபோது நாலு பெண்கள் சேர்ந்து இருந்த வீட்டில் ஒரே ஒரு கழிவறை. குளியலறை தனியாக, நடைவழியின் அந்தக் கோடியில். கோவில்பட்டியிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பச்சை பிளாஸ்டிக் கப்பை அங்கே ஒரு மூலையில் வைத்தேன். மூன்றாவது நாள் பார்த்தால், கூட இருந்த பெண் அதை எடுத்துச் சமையலறை ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். “ரொம்ப வசதியாக இருக்கிறது, எங்கே வாங்கினாய்?” என்று வேறு கேட்டாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கப்பை அவளுக்கே கொடுத்துவிட்டு, மறுநாள் கடையில் ஒரு சின்னப் பூவாளியும் ஒரு தொட்டிச் செடியும் வாங்கிவந்து கழிவறையில் வைத்தேன். செடி இருக்கும் இடத்தில் பூவாளி ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்தச் செடி நன்றாகவே வளர்ந்தது.

அப்போதும் தண்ணீரைத் தாராளமாக ஊற்ற முடியாது. இங்கே பல வீடுகளில் கழிவறைத் தரையில் தண்ணீர் வடிய ஓட்டையே கிடையாது. நாலு சொட்டு சிந்தினால் குனிந்து துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கக்கூஸ் என்கிற நம் சொல்லே டச்சுக்காரர்கள் விட்டுப்போனது என்பார்கள். எங்கள் தூத்துக்குடியில் அவர்கள் 1658-லிருந்து வெகுகாலம் இருந்தார்கள். இங்கிருந்து அவர்கள் எல்லை ரொம்பத் தூரமில்லை. சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நம் செம்பைக் கொஞ்சம் கூடவே எடுத்துப் போயிருக்கலாம்.

சரி, வியாதிக்கு வருகிறேன். இரண்டாவது பிள்ளை 2021-ல் இங்கேயே பிறந்தது. அதற்குப் பிறகுதான் ஆரம்பம். முதலில் அரிப்பு, அப்புறம் ரத்தம், அப்புறம் ஒவ்வொரு முறையும் விரலால் உள்ளே தள்ளிவிட வேண்டிய நிலை. மூலம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நாம் வளர்ந்த விதம் அப்படி. பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வீட்டுக்குள் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என் பெரியப்பா இருபது வருடம் அப்படி ஒரு சுவரெழுத்து வைத்தியரை நம்பிப் போய்வந்தார். ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும். கேட்டால் “வயசாயிட்டுல்லா” என்பார். அவரை நினைத்துத்தான் கடைசியில் துணிந்தேன்.

அம்மாவுக்கு எல்லாமே சூடு. “ஒனக்கு ஒடம்பு சூட்டு ஒடம்புட்டி, மோரைக் குடி, வெந்தயத்தை ஊறப்போட்டு முழுங்கு, துத்தி இலை கிடைச்சா வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டு.” டார்ட்மண்டில் துத்தி இலைக்கு எங்கே போவேன்? குடும்ப டாக்டரிடம் போனபோது, எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வாய் தானாக “சூடு” என்று தமிழில் சொல்லிவிட்டது. பிறகு அதை ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன். காய்ச்சலா என்று கேட்டார். இல்லை, உடம்பு தொட்டால் சுடாது, ஆனால் உள்ளே சூடு என்றேன். அந்த நல்ல மனிதர் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் “நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உங்கள் அம்மா சொல்கிறார், அப்படித்தானே? அது சரிதான்” என்றார்.

அவர் சீட்டு எழுதித் தந்து, மலக்குடலுக்கென்றே இருக்கும் டாக்டரிடம் அனுப்பினார். அங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது, குடலில் கட்டி இருந்தாலும் ரத்தம் வரும் என்று சொல்லி, முதலில் கேமரா விட்டுக் குடல் முழுக்கப் பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூலத்தைப் பற்றிப் பேச்சு. நாலு நிலைகளில் மூன்றாவது நிலை என்றார் டாக்டர். ஒரு காகிதத்தில் கடிகாரம் வரைந்து 3, 7, 11 என்று மூன்று இடத்தில் புள்ளி வைத்தார். அந்த மூன்று இடத்திலும் வெட்டி எடுத்துவிட்டு, நடு நடுவே தோலைப் பாலம் போல விட்டுவிடுவோம், காயத்தைத் தைக்க மாட்டோம், திறந்தே இருக்கும், உள்ளிருந்து தானாக ஆறி மூடும் என்றார். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகன், மோர்கன் என்ற இரண்டு டாக்டர்கள் 1937-ல் எழுதி வைத்த முறை அது. தைக்காத காயம் என்றதும் வயிறு கலங்கியது. அந்த இடத்தில் தைத்து மூடிவிட்டால் உள்ளே அழுக்குத் தங்கிச் சீழ் பிடிக்கலாம், திறந்திருந்தால் வடிந்துவிடும் என்று விளக்கினார். ஆற நாலிலிருந்து ஆறு வாரம்.

தயாராவது பெரிய காரியமாக இல்லை. ஒரு வாரம் முன்பிருந்தே மலம் இளகலாகப் போக ஒரு பொடி சாப்பிடச் சொன்னார்கள். பெயர் ‘ஃப்ளோசாமன்ஷாலன்’. அப்படியே பெயர்த்தால் தெள்ளுப்பூச்சி விதையின் உமி. பெயரைக் கேட்டு அருவருத்துக்கொண்டே கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், விளைந்த நாடு இந்தியா என்று போட்டிருக்கிறது. பிரித்ததும் தெரிந்துவிட்டது, நம் இசப்கோல். தாத்தா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் கலக்கி, கெட்டியாவதற்குள் ஒரே மடக்கில் குடிப்பாரே, அதேதான். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைந்தது கப்பலேறி எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. தாத்தா செய்த மாதிரியே பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடித்தேன். தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

அன்று காலை எனிமா வைத்தார்கள், முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு இரண்டு துண்டு ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய், புதினா டீ. தட்டில் சூடாக இருந்தது டீ மட்டும்தான். பக்கத்துக் கட்டில் பாட்டி நிம்மதியாகச் சாப்பிட்டார். எனக்கு ஒரு கரண்டி மிளகு ரசமும் குழைந்த சோறும் இருந்தால் போதும் என்றிருந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கு நாளுக்கு 10 யூரோ என் பங்கு, மற்றதெல்லாம் காப்பீடு. ஊரில் இதே ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அதனால் இந்த ஏற்பாட்டை மனசார மெச்சுகிறேன்.

முதல் தடவை போவதைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானதுதான். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் போனேன். டாக்டர் சொன்னபடி காலுக்கு ஒரு குட்டை முக்காலி போட்டு, முழங்கால் வயிற்றுக்குக் கிட்டே வரும்படி உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் குடல் நேராகும், முக்க வேண்டியதில்லை. ஊர்க் கக்கூஸில் குத்த வைத்து உட்காருவதுதான் அது, உயரம்தான் வேறு. மிளகாயை அரைத்துப் பூசினது மாதிரி எரிந்தது. கையால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கை ஷவரைத் திறந்தேன். தண்ணீர் காயத்தில் பட்ட முதல் கணம் சுரீரென்றது, அடுத்த கணம் எரிச்சல் அப்படியே இறங்கியது. தொட்டியில் இளஞ்சிவப்பாக ஓடிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வெறும் தண்ணீரானது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அப்படியே இருந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. சிந்தினால் துடைக்க வேண்டுமே என்ற நினைப்பும் வரவில்லை.

ஆபீஸுக்கு டாக்டரின் விடுப்புச் சீட்டு இணையத்திலேயே போய்விட்டது. என்ன வியாதி என்று அதில் இருக்காது, யாரும் கேட்கவும் கூடாது. ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். மேலாளர் ‘சீக்கிரம் குணமாகட்டும்’ என்று ஒரு வரி அனுப்பினார், அவ்வளவுதான். மூன்று வருடம் வெட்கப்பட்டவளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நாலாவது நாள் மத்தியானம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபோது, ஊராக இருந்தால் இந்நேரம் வாசலில் எத்தனை செருப்பு கிடக்கும் என்று தோன்றியது. சாத்துக்குடிப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து உட்கார்ந்து, “என்ன ஆபரேஷன்?” என்று கேட்டுக் கொல்லுவார்கள். கேட்கட்டுமே என்றிருந்தது.

வந்தது மேல்மாடி அக்கா மட்டும்தான். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். என் வீட்டுக்காரர் மாடிப்படியில் “சின்ன ஆபரேஷன்” என்று மழுப்பியிருக்கிறார். முருங்கையிலைச் சொதியும் சிவப்பரிசிச் சோறும் எடுத்துக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். நான் உட்காரும் விதத்தைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. “வெக்கப்படாதேங்கோ தங்கச்சி, எனக்கும் ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு உதே வருத்தம்தான். இப்பவும் நோகுதோ?” என்றார். அவர்கள் நோயை வருத்தம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் எனக்கு அன்று ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. பிள்ளை தூக்கு தூக்கு என்று காலைக் கட்டிக்கொண்டு நின்றான். மூன்று வயது, 14 கிலோ, தூக்கவே கூடாது. அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே எனக்குப் பரிமாறினார்.

ஐந்தாவது வாரம் காயம் மூடிவிட்டது. இப்போது வீட்டுக்காரர் கழிவறைக் குழாயில் சின்னக் கை ஷவர் ஒன்றை மாட்டித் தந்துவிட்டார். வீட்டு உரிமையாளரிடம் டாக்டர் சொன்னது என்றேன், மறுபேச்சில்லை. வசதியாகிவிட்டது. இந்த ஊரில் எனக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லலாம் என்றுதான் போன் போட்டேன்.

ஆனால் பேச்சு எங்கெங்கோ போய் 2018-க்குப் போய்விட்டது. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லையில் மூன்று கல் வைத்து அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். தென்னமட்டையும் பன்னாடையும் எரிந்து புகை கண்ணைக் கரிக்கும். நொச்சி இலை மணக்கும். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, பச்சைத் தண்ணீரை இரண்டு செம்பு விளாவி, முழங்கையை முக்கிப் பார்த்து, இன்னும் அரைச் செம்பு விளாவி, அப்புறம்தான் என் இடுப்பில் ஊற்றுவார். இரண்டாவது பிரசவம் கொரோனாவில், அம்மாவால் வர முடியவில்லை. அப்போது யாரும் ஊற்றவில்லை.

“இப்ப யாருட்டி தண்ணி விளாவித் தாரா?” என்று கேட்டார்.

“கொழாயிலயே வெதுவெதுப்பா வருதும்மா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “கொழாய்க்கு என்ன தெரியும், ஒனக்கு எவ்வளவு சூடு தாங்கும்னு” என்றார்.

அன்று ராத்திரி குழாயைத் திறந்துவிட்டு முழங்கையை நீட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கூடத்தான் இருந்தது. பச்சைத் தண்ணீர்ப் பக்கம் ஒரு திருகு திருகினேன்.