பழைய டெக்கும் அத்தையின் கல்யாணக் கேசட்டும்

ஜனவரி 6, 2024, சனி

போகிக்கு முன்னால் பரணை ஒழித்ததில் அப்பாவின் வீடியோ டெக் கீழே இறங்கியது. காயலான் கடைக்குப் போட அம்மா எடுத்து வைத்திருந்ததை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். காரணம், அதோடு இறங்கிய கேசட். 1992-ல் நடந்த அத்தை கல்யாணம். அன்றைக்கு நாகஸ்வரம் வாசித்தவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. அவர் வாசிப்பு வேறெங்கும் பதிவாகவில்லை.

கல்யாணக் கேசட்டை எடுத்த எடுப்பில் உள்ளே விடக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய சினிமா கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். கேசட் உள்ளே போனது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. படம் வரவில்லை. சில நொடிகளில் டெக் தானாகவே அணைந்துவிட்டது.

ஜனவரி 7, ஞாயிறு

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளை இருக்கும் மூலைப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அங்கே 300 வோல்ட்டுக்கும் மேலான டிசி ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. டேப்பைக் கேசட்டிலிருந்து இழுத்து டிரம் என்கிற சுழலும் உருளையைச் சுற்றி வைக்கிற வேலையைச் செய்யும் ரப்பர் பெல்ட், தொட்டதும் கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டிக்கொண்டது. மோட்டார் சுற்றுகிறது, ஆனால் அந்தச் சுழற்சி கியருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய டெக் ஓடவில்லை என்றதும் பலர் உள்ளே இருக்கும் ஐசி (மின்னணுச் சில்லு) போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். நான் முதலில் ரப்பரைத்தான் சந்தேகப்படுவேன். சும்மா வைத்திருந்தாலே கெட்டுப்போகிற பொருள் அது.

பிசினைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். உருகிய பெல்ட்டை வைத்து அளவு எடுக்க முடியாது. அதனால் இரண்டு புல்லியையும் சுற்றி நூல் கட்டி அளந்துகொண்டேன். புது பெல்ட் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் பிடிப்பு இருக்கும்.

ஜனவரி 10, புதன்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு. நாலாவது கடையில் அளவுக்கு ஏற்ற பெல்ட் கிடைத்தது. கடைசிவரை இந்த டெக்குகளைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி உதிரிபாகம் என்றால் இப்படி அளவு பார்த்துப் பொருத்திக்கொள்வதுதான்.

ஜனவரி 13, சனி

பெல்ட் போட்டதும் டேப் அழகாக இழுபட்டு டிரம்மைச் சுற்றியது. ஆனால் பிளே அழுத்தினால் உடனே நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் ஜன்னல் வெயில்! டேப்பின் இரண்டு முனையிலும் ஒளி ஊடுருவும் துண்டு ஒன்று இருக்கும். அது வழியாக அகச்சிவப்பு ஒளி வந்தால், டேப் முடிந்துவிட்டது என்று சென்சார் டெக்கை நிறுத்திவிடும். மூடியைத் திறந்து வைத்திருந்ததால் வெயில் நேராகச் சென்சாரில் விழுந்திருக்கிறது. மேலே ஒரு அட்டையை வைத்து மறைத்ததும் ஓடியது.

ஓடியதே தவிர, டேப்பைத் தின்றுவிட்டது. ஓடி வந்த டேப்பை வலப்பக்கச் சக்கரம் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சுழற்றுகிற ஐட்லரின் ரப்பர் வளையம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிக் கிடந்தது. சக்கரம் வழுக்க, டேப் உள்ளேயே குவிந்து கசங்கிவிட்டது. கசங்கியது சினிமா கேசட்தான். அத்தையின் கேசட்டாக இருந்திருந்தால் என்று நினைத்தபோது கை நடுங்கியது. வளையத்தை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஆல்கஹாலில் துடைத்தேன். கொஞ்ச நாளைக்கு இது தாங்கும், அப்புறம் மாற்றியே ஆக வேண்டும். டேப்பைத் தள்ளிவிடும் பிஞ்ச் ரோலரையும் துடைத்தேன். துணியில் அவ்வளவு கறுப்பு.

ஜனவரி 14, போகி

படம் வருகிறது, ஆனால் திரை முழுக்கப் புள்ளி மழை. டிரம்மில் பதித்திருக்கும், டேப்பிலிருந்து படத்தைப் படிக்கிற ஹெட்டில் அழுக்கு. இந்த வேலையில்தான் நிறையப் பேர் டெக்கைக் கெடுத்துவிடுகிறார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி கூடவே கூடாது, அதன் நார் ஹெட்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். வெள்ளைத்தாளை நாலாக மடித்து ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். நொடிக்கு 25 சுற்று சுற்றுகிற பாகம் அது. உடைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம்.

ஒலிக்கு வேறு ஹெட். அது டிரம்மில் இல்லை, அதைத் தாண்டி அசையாமல் நிற்கும். ஒலி டேப்பின் மேல் விளிம்பில் மெல்லிய கோடாகத்தான் பதிவாகியிருக்கும், கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே குரல் அமுங்கிவிடும். எனக்கு வேண்டியதே ஒலிதான் என்பதால் அதை மூன்று முறை துடைத்தேன்.

ஜனவரி 15, பொங்கல்

பொங்கல் பொங்கியபின் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அத்தையும் வந்திருந்தார். கேசட்டின் கதவைத் திறந்து பார்த்தேன், பூஞ்சை இல்லை. முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவாகும்படி கம்பி இணைத்துவிட்டுத்தான் பிளே அழுத்தினேன். அடியில் ஓடிய கோடுகள் டேப்பின் தடத்தோடு ஹெட்டைப் பொருத்தும் டிராக்கிங்கைத் திருப்பியதும் போய்விட்டன.

முக்கால் மணி நேரம் சினிமாப் பாட்டுதான். அந்தக் காலத்தில் மிக்சிங் செய்கிறவர்கள் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைச் சேர்த்துவிடுவார்கள். அம்மா முகம் வாடிவிட்டது. முகூர்த்தத்துக்கு மட்டும் அசல் ஒலியை விட்டிருந்தார்கள். கெட்டிமேளம், அதைத் தொடர்ந்து தாத்தாவின் நாகஸ்வரம், நாலு நிமிஷம் போல. ஒலி சுத்தமாக இருந்தது. "மாமா மூச்சு எடுக்கறதுகூடக் கேக்குது அண்ணி" என்றார் அத்தை. அம்மா மறுபடி போடச் சொன்னார். கேசட்டை ரீவைண்ட் செய்யாமல் கம்ப்யூட்டரில் இருந்ததைப் போட்டேன்.

வரவேற்புக் கேசட் இன்னும் இருக்கிறது. அதன் டேப் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. இந்த டெக்கில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி, தனியாக வைத்திருக்கிறேன்.