பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு மனச்சோர்வு மாத்திரை

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். எழுபது தாண்டிய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் அசைவு இருந்தது. ஆனால் பிசியோ சொல்லித்தந்த பயிற்சியைச் செய்யவே மாட்டார். களியைத் தொடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மாங்காய் வியாபாரி வந்து தோப்புக்கு விலை பேசினாலும் காதில் வாங்க மாட்டார். "வயசானா அப்படித்தாம்மா" என்றார்கள் சொந்தக்காரர்கள். என் மனம் ஒப்பவில்லை.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொன்னேன். அவர் அப்பாவிடமே, "ஐயா, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார். அப்பா தலையசைத்தார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி மனச்சோர்வு வருமாம். அதற்கு எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை எழுதினார்: முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. இந்த வயதில் அதற்கு மேல் போவதில்லை என்றார்.

"கைக்கும் பலம் வருமா சார்?"

"அதுக்குப் பயிற்சிதாம்மா. பயிற்சி செய்ய மனசு வரணும், அதுக்குத்தான் மாத்திரை."

பிரிட்டனில் 3,000-க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த ஃபோகஸ் ஆய்வு 2018-ல் வெளியானது. பாதிப் பேருக்கு ஆறு மாதம் இதே வகை மாத்திரையான ஃப்ளூவாக்சிடின் கொடுத்தார்கள். கை கால் செயல்பாடு கூடவில்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்காமல், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது இதனால்தான்.

மாத்திரை தொடங்கிய புதிதில் அப்பா பகலெல்லாம் அசந்து கிடந்தார், பேச்சும் குழறியது. மறுபடி வாதமோ என்று பதறி ஓடினோம். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. பிரஷருக்கு அவர் சாப்பிட்டு வந்த நீர் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால், வயதானவர்களுக்கு உப்புச் சத்து குறையுமாம். நீர் மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இந்த மாத்திரை தொடங்கினால், சோடியம் டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவர் என்றால் வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலன் தெரிய சில வாரம் பிடித்தது. முதலில் தூக்கம் சீரானது, அப்புறம் பசி. ஒருநாள் அவராகவே பந்தை எடுத்து அமுக்கத் தொடங்கினார். 2021-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். இப்போது அவர் வருவதற்குள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடரவேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். உடனே டாக்டரைப் பார்க்க முடியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.